கார் கீறலா? முதலில் நகத்தால் தடவுங்கள்

கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தடுக்காமல் வழுக்கிப் போனால் பாலிஷிலேயே சரியாகிவிடும். நகம் சிக்கினால் கீறல் ஆழமானது. எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகப் போகாது. டச்-அப் பெயிண்ட் தேவைப்படும்.

கலருக்கு மேலே நிறமற்ற ‘கிளியர் கோட்’ ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் சுமார் 50 மைக்ரான்தான். தலைமுடி கனம்கூடத் தேறாது. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள கோட்டைத் தேய்த்து மட்டமாக்குகிறது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ‘ரப்பிங் போட்டுடலாமா சார்?’ என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவி, நிழலில் நிறுத்துங்கள். பானெட் சூடு ஆறட்டும். மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு பாலிஷ், இரண்டு கையகல இடம், லேசான அழுத்தம். துணி தரையில் விழுந்தால் உதறிவிட்டுத் தொடராதீர்கள். ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், புதிதாகப் பத்துக் கீறல் போட. மென்மையான பாலிஷில் போகாவிட்டால் மட்டும் காம்பவுண்ட். விளிம்புகளில் கோட் இன்னும் மெலிசு, கையை அடக்குங்கள். கிளியர் கோட் உள்ள காரில் துணியில் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள்.

பற்பசை வைத்தியம் பல்லோடு இருக்கட்டும். மேட் ஃபினிஷ் காருக்குப் பாலிஷே ஆகாது. தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாகத் தெரியும்.