மறுபடி பூசாத எண்ணெய்

கஞ்சாம், ஸ்ரீரங்கப்பட்டணம்

அன்பு மகளே,



போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். "திப்பு காலத்தில் வேதத்தை விட்டவர்கள் திரும்பி வந்தபோது, அவர்களுக்கு மறுபடியும் உறுதிபூசுதல் கொடுத்தார்களா பெரியம்மா?" பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். நாலு நாளாக அந்த ஒரு சொல் போதாது என்றே மனம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. நீ கொண்டுவந்த உறுதிபூசுதல் வகுப்புத் தாளில், "உறுதிபூசுதல் என்பது நான் என் விசுவாசத்தை உறுதிசெய்யும் நாள்" என்று தலைப்பிலேயே போட்டிருந்தது. இது தவறு. மறைக்கல்வி முடித்ததற்குக் கொடுக்கும் பட்டம் போல அதை ஆக்கிவிட்டார்கள். உறுதி கொடுப்பவன் நீ அல்ல, கடவுள். தமிழ்ச் சொல்லையே பாரேன்: உறுதியைப் பூசுகிறார்கள். உறுதி எண்ணெயாக உன் நெற்றிக்கு வந்து சேருகிறது. நீ செய்யவேண்டியது நெற்றியைக் காட்டுவது. உன் சி.எஸ்.ஐ. தோழி 'திடப்படுத்தல்' என்று சொல்கிறாளே, அந்த வழக்கத்துக்கு வேறு வரலாறு. சமயச் சீர்திருத்தக் காலத்தில் மார்ட்டின் பூட்சர் 1539இல் ஜெர்மனியின் ஹெஸ்ஸனில் ஏற்படுத்திய ஒழுங்கில், ஞானோபதேசம் படித்த பிள்ளைகள் சபை முன்னால் தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட்டார்கள். அது நல்ல காரியம். ஆனால் அதையும் நம்முடையதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

சமாரியாவுக்குப் பேதுருவும் யோவானும் போய்க் கைகளை வைத்ததும், எபேசில் பவுல் கைகளை வைத்ததும் உனக்கு மனப்பாடம். அதற்குப் பின் நடந்ததைத்தான் யாரும் உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். முதல் நூற்றாண்டுகளில் திருமுழுக்கும் எண்ணெய்ப் பூசுதலும் நற்கருணையும் ஒரே இரவில் நடந்தன. தண்ணீரிலிருந்து ஏறி வந்தவர்மேல் ஆயர் கை வைத்து, எண்ணெய் வார்த்து, நெற்றியில் குறியிட்டார். ஊருக்கு ஓர் ஆயர் இருந்தவரையில் இது நடந்தது. சபை பட்டிதொட்டியெல்லாம் பரவியபோது ஆயர் எங்கே போய் எட்ட முடியும்? கிழக்கே இருந்தவர்கள், ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருவானவரே குழந்தைக்கு அன்றே பூசட்டும் என்றார்கள். கேரளத்துச் சீரோ மலபார் சபையில் இன்றும் திருமுழுக்கோடே பூசுகிறார்கள். மேற்கே, ஆயர் வரும்வரை பிள்ளை காத்திருக்கட்டும் என்றார்கள். 416இல் முதலாம் இன்னொசென்ட் பாப்பரசர் கூபியோ ஊர் ஆயர் தெசென்சியுஸுக்கு எழுதிய கடிதத்தில், நெற்றியில் குறியிடுவது ஆயருக்கே உரியது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆக, இரண்டு சடங்குக்கும் நடுவே விழுந்த இடைவெளிக்குக் காரணம் தூரம். 'வயது வந்து பக்குவம் அடைதல்' என்பதெல்லாம் அந்த இடைவெளிக்குப் பிற்காலத்தில் கற்பித்த நியாயம். 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் சிறு பிள்ளைகளுக்கு நற்கருணை கொடுக்கச் சொன்ன பிறகு, உறுதிபூசுதல் இன்னும் பின்னால் தள்ளிப்போய், கடைசிப் பரீட்சை போல ஆகிவிட்டது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

1784இல், விபூதிப் புதனை ஒட்டி, கன்னடக் கரையோரத்துக் கிறிஸ்தவர்களைத் திப்பு சுல்தானின் ஆட்கள் பிடித்து, மலையேற்றி, நடக்கவைத்து இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயருக்கு உதவினார்கள் என்பது குற்றச்சாட்டு. எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. பிற்பாடு இங்கே பணியாற்ற வந்த பிரெஞ்சுக் குரு துபுவா சாமி அறுபதாயிரத்துக்கு மேல் என்கிறார். வழியில் செத்தவர்கள் போக மீதிப்பேருக்குக் கட்டாய விருத்தசேதனம், புதுப் பெயர், ஆண்பிள்ளைகளில் பலருக்குப் பட்டாளம். 1799 மே 4ஆம் தேதி கோட்டை விழும்வரை பதினைந்து வருஷம்.

துபுவா சாமி புரட்சி நடந்துகொண்டிருந்த 1792இல் பிரான்சை விட்டுக் கப்பலேறியவர். கோட்டை விழுந்தபின் சிதறிய சபையைத் திரட்ட இங்கே அழைக்கப்பட்டார். 'தொட்ட சுவாமியவரு', அதாவது பெரிய சாமி, என்று ஜனங்கள் கூப்பிட்டார்கள். அம்மைப்பால் வைக்கும் வேலையில் 1803, 1804இல் அவர் வழியாக 25,432 பேருக்கு அம்மை குத்தினார்கள் என்று கணக்கு இருக்கிறது. 1823இல் ஊர் திரும்பிய அவர், அதே வருஷம் இந்தியாவில் கிறிஸ்தவத்தின் நிலை பற்றிய கடிதங்களை வெளியிட்டார். அதில் இந்தச் சிறைவாசத்தைப் பற்றி எழுதும்போது, இத்தனை ஆயிரம் பேரில் விசுவாசத்துக்காக உயிர்விட ஒருவரும் முன்வரவில்லையே என்று வெட்கப்பட்டுப் பொருமுகிறார். திரும்பி வந்தவர்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் தம்மிடம் வந்ததாகவும், இருபதாயிரம் பேர் வரை மங்களூருக்குப் போய்க் கோவில்களைத் திரும்பக் கட்டியதாகவும் அவரே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரும், மகளே. நாற்பது வருஷமாகப் படித்தும் அந்தக் கோபம் தணியவில்லை. ஓர் ஆயரோ குருவானவரோ பக்கத்தில் இல்லாமல், புருஷன் ஒரு பட்டாளத்திலும் பிள்ளை ஒரு வீட்டிலுமாகப் பிரிந்துகிடந்த பெண்ணிடம் வேதசாட்சியாகச் சாகவில்லையே என்று எப்படிக் கேட்பது? அவர்கள் திரும்பி வந்தார்கள். பதினைந்து வருஷம் வேறு பெயரில் வாழ்ந்தபின், கதவு திறந்த உடனே இத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள். அவர் வியந்திருக்க வேண்டியது இதைப் பார்த்துத்தான்.

வந்தவர்களுக்குத் திருச்சபை என்ன செய்தது? பாவசங்கீர்த்தனம், தபசு, மன்னிப்பு. சிறைவாசத்தில் பிறந்து திருமுழுக்குப் பெறாத பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு. முன்பே ஆயரிடம் உறுதிபூசுதல் பெற்றிருந்த பெரியவர்களுக்கு மறுபடி எண்ணெய் இல்லை. 1547இல் திரெந்து சங்கம் முடிவாகச் சொல்லியிருந்தது: திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் இந்த மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கின்றன, ஆகையால் திரும்பக் கொடுக்க முடியாது.

எல்லாச் சபையும் இப்படி நினைக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள். 9ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் மறைமுதல்வர் மெத்தோடியுஸ் பெயரால் வந்த ஒழுங்கில், கிறிஸ்துவை மறுதலித்துத் திரும்பியவர்களுக்குத் தபசுக்குப் பின் எண்ணெயும் பூசினார்கள். அதிலும் ஓர் அழகு இருக்கிறது, காயத்துக்கு மருந்து போடுவதுபோல. ஆனாலும் என் மனம் மேற்கத்திய வழியின் பக்கம்தான். காரணம் புனித அகுஸ்தீன்.

உரோமைப் படைவீரனின் உடம்பில் ஒரு குறி இடுவார்கள். அவன் படையை விட்டு ஓடிப்போகிறான். பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வருகிறான். அவனைத் தண்டிக்கலாம், மன்னிக்கலாம். மறுபடி குறி போடுவதுண்டா? பழைய குறி அப்படியே இருக்கிறது, அதை வைத்துத்தான் அவனை அடையாளமே காண்கிறார்கள். மறுபடி திருமுழுக்குக் கொடுத்துவந்த தொனாத்தியர் என்ற பிரிவினரோடு வாதாடும்போது அகுஸ்தீன் சொன்ன உவமை இது. இதை நான் இந்தக் கோட்டைச் சுவரோரம் நடக்கும்போதெல்லாம் நினைப்பேன். வேறொருவனுடைய பட்டாளத் தலைப்பாகைக்குள் மறைந்துகிடந்த நெற்றிகளைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குக் கிடைக்கவில்லை. ஓடிப்போனவனையே அந்தக் குறி கைவிடவில்லை என்றால், இழுத்துக்கொண்டு போகப்பட்டவனை எப்படிக் கைவிடும்?

முத்திரை என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ரங்கநாதர் கோவில் பக்கத்து ஸ்ரீவைஷ்ணவக் குடும்பங்களில் ஆசாரியரிடம் தோளில் சங்கு சக்கரம் ஒற்றிக்கொள்வார்கள், ஆயுசில் ஒருமுறை. மாத்வர்கள் வருஷந்தோறும் முத்திரை தரிப்பார்கள். ஒருமுறையா, பலமுறையா என்ற இந்த வித்தியாசம் நம் சபைகளுக்குள் மட்டும் எழுந்த கேள்வி அல்ல என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

குறி என்பதால் பயமும் வந்திருக்கிறது. 1599இல் உதயம்பேரூர் சங்கத்தைக் கூட்டிய மெனேசஸ் பேராயர் மலையாளக் கரையில் உறுதிபூசுதல் கொடுக்கப் போனபோது, தங்கள் ஆயர்கள் ஒருநாளும் இப்படித் தனியாகச் செய்ததில்லை, நெற்றியில் குறியிட்டுப் போர்த்துக்கீசியருக்கு அடிமையாக்கப் பார்க்கிறார் என்று மார்த்தோமா கிறிஸ்தவர்கள் சிலர் எதிர்த்தார்கள். கன்னத்தில் ஆயர் தட்டுவது அவர்களுக்கு அவமானமாகப் பட்டது. குறியின் பொருளை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்பேன். அது தங்களை யாருக்குச் சொந்தமாக்குகிறது என்பதில்தான் அவர்களுக்குச் சந்தேகம். அந்தத் தட்டு மத்திய கால வழக்கம், போராட்டத்துக்கு உன்னைத் தயார்செய்வது என்று விளக்கம் சொல்வார்கள். போராட்டப் பேச்சு வந்தது 5ஆம் நூற்றாண்டில், துபுவா பிறந்த அதே தென் பிரான்சின் ரியேஸ் ஊர் ஆயர் ஃபவுஸ்துஸ் பெயரால் வழங்கும் பெந்தெகோஸ்தே பிரசங்கத்திலிருந்து. 1971இல் பாப்பரசர் ஆறாம் பவுல் சடங்கைத் திருத்தியபின் உனக்கு அந்தத் தட்டு கிடையாது. பூசும்போது ஆயர் சொல்லும் வாக்கியமும் அப்போதுதான் கிழக்குச் சபையின் பழைய வழிபாட்டிலிருந்து வந்தது. அதில் 'முத்திரை' என்ற சொல் இருக்கும், காதைத் தீட்டிக்கொண்டு கேள். 'நான் உறுதி கூறுகிறேன்' என்பது அதில் இராது.

இனி உன் உறுதிபூசுதல் நாளுக்கான சில நடைமுறைகள். எண்ணெய் ஒலிவ எண்ணெயும் வாசனைத் தைலமும் கலந்தது, பெரிய வியாழனை ஒட்டி ஆயர் மந்திரித்தது. பூசியதும் போட்டோவுக்காகக் கைக்குட்டையால் துடைத்துவிடாதே. போன வருஷம் நாலைந்து பிள்ளைகள் துடைத்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. தானாகக் காயட்டும். உன் திருமுழுக்குக்கு ஞானத்தாயாக நின்ற நானே இதற்கும் நிற்பதுதான் திருச்சபை விரும்பும் முறை. வரிசையில் உன் பின்னால் வந்து வலது கையை உன் தோளில் வைத்திருப்பேன்.

உன் திருமுழுக்குச் சான்றிதழின் நகலை இந்த வாரமே தபாலில் அனுப்பு. நீ திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில், உன் பெயருக்கு நேரே உறுதிபூசுதலுக்கென்று ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஒரு தேதி எழுதத்தான் அதில் இடம் விட்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
பெரியம்மா