கதிரை உணரும் பளிங்கு

காமாக் கதிர் நம் உடலை ஊடுருவிச் செல்லுங்கால் ஐம்புலன்களுள் ஒன்றேனும் அதனை அறிவதில்லை. ஆதலின், அதனை நமக்காக உணரும் கருவி இன்றியமையாததாகின்றது. குறைகடத்திப் பளிங்கு இத்தொழிலை எங்ஙனம் ஆற்றுகின்றதென ஈண்டு நோக்குவோம்.

கதிர் பளிங்கினுட் புகுந்து தன் சக்தியை இழக்கும்போது, பிணைப்புண்டிருந்த இலத்திரன்கள் விடுபடுகின்றன. அவை நீங்கிய இடங்கள் நேரேற்றமுடைய துளைகளாகின்றன. பளிங்கின் இரு முகங்களுக்குமிடையே மின்னழுத்தத்தைப் பிரயோகித்தால், இலத்திரன்கள் ஒரு முகத்தையும் துளைகள் மறு முகத்தையும் நாடிச் செல்லும். அதனால் எழும் மின்றுடிப்பின் அளவு கதிர் இழந்த சக்திக்கு விகிதசமமாகும். துடிப்பை அளந்து சக்தியை அறியலாம். சக்தியைக் கொண்டு கதிரின் மூலத்தைத் துணியலாம். சான்றாக, 662 ஆயிரம் இலத்திரன்வோற்றுச் சக்தியுடைய காமாக் கதிர் சீசியம்-137 இன் அடையாளமாகும்.

இத்தகைய பளிங்கிற்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். கதிரைத் தடுத்து நிறுத்தும் பாரமான அணுக்கள் இருத்தல் ஒன்று. அறை வெப்பநிலையில் வீண் மின்னோட்டம் எழாமை இரண்டு. விடுபட்ட ஏற்றங்கள் இடைவழியிற் சிக்குண்ணாது முகங்களை அடைதல் மூன்று. ஜேர்மானியம் சக்தியை மிக நுட்பமாகப் பகுத்துக் காட்டும். ஆயின், அதில் இலத்திரனை விடுவிக்கச் சிறு சக்தியே போதுமாதலின், அறையின் வெப்பமே வீண் மின்னோட்டத்தை எழுப்பிவிடும். அதனால், ஏறக்குறைய −196 பாகை செல்சியசிலுள்ள திரவ நைதரசன் முதலியவற்றாற் குளிர்வித்தே அதனைப் பயன்படுத்துவர். கட்மியம், நாகம், தெலூரியம் சேர்ந்த பளிங்கு அறை வெப்பநிலையில் இயங்குமெனினும், குறையற்ற பெரும் பளிங்காக அதனை வளர்த்தல் அரிது, விலையும் அதிகம்.

இந்நிலையிலேயே பெரோவ்ஸ்கைற்றுக் குடும்பம் ஆராய்ச்சியாளரின் கருத்தைக் கவர்ந்தது. 1839ஆம் ஆண்டில் குஸ்தாவ் ரோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், உருசிய நாட்டு யூரல் மலையிற் கிடைத்த ஒரு கனிப்பொருளை ஆராய்ந்து, பெரோவ்ஸ்கி என்பாரின் பெயரை அதற்கு இட்டார். அதன் அணுவமைப்பை ஒத்த சேர்வைகள் யாவும் இன்று அப்பெயரையே பெறுகின்றன. அவற்றுள் ஒன்று சீசியம் ஈயப் புரோமைட்டு. ஈயத்தின் அணுவெண் 82, சீசியத்தினது 55. எனவே முதல் இலக்கணம் பொருந்துகின்றது. அறை வெப்பநிலையிலும் வீண் மின்னோட்டம் குறைவு. கரைசலிலிருந்தும் இதனைப் பளிங்காக வளர்க்கலாம். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தார் இதன் தகுதியை எடுத்துக்காட்டினர்; 2021ஆம் ஆண்டில், மேற்கூறிய சீசியக் கதிரை 1.4 சதவீத நுட்பத்துடன் பகுத்தறிந்தமை வெளியாயிற்று.

எனினும், இப்பளிங்கிற் குறையுமுண்டு. மின்னழுத்தத்தின்கீழ் அதன் அயன்களே இடம்பெயர்வதால், நாட்செல்லச் செல்ல அளவீடு பிறழக்கூடும். நோயாளி பெறும் கதிரின் அளவை மருத்துவர் கருவியை நம்பியே அறிகின்றார். இன்று சரியாகவும் நாளை பிழையாகவும் காட்டுங் கருவி, கருவியில்லாமையினும் கேடுடைத்து. அன்றியும், ஈயச் சேர்வை நச்சுடையதாதலின், பளிங்கை நன்கு மூடிப் பேணல் வேண்டும்.

ஆகவே, அயன்களை நிலைநிறுத்துதலே இத்துறையில் எஞ்சி நிற்கும் பெரும்பணியாகும். பௌதிகமும் இரசாயனமும் ஒருங்கே பயிலும் நம் மாணவர்க்கு இஃது ஏற்றதோர் ஆராய்ச்சிக் களமென்பது நம் துணிபு.