கிரகணமும் அல்ல, உங்கள் அம்மாவும் அல்ல

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணன் ஜன்னல் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டி வைத்திருப்பதையும், அம்மா ஒரு வாய் தின்று காட்டிய பிறகே தட்டில் கை வைப்பதையும் எழுதியிருந்தீர்கள். மனச்சிதைவு நோய் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனால் உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் நோயைப் பற்றியது அல்ல, பழியைப் பற்றியது. வயிற்றில் பிள்ளையோடு கிரகணத்தில் வெளியே போனாள் என்கிறார் பாட்டி. “உங்க பக்கத்து ரத்தம்” என்று அம்மாவைக் குத்துகிறார் அப்பா. செய்வினை என்கிறது தெரு. இதற்கு நடுவில் உங்களுக்கு வந்த வரனும் தட்டிப்போயிருக்கிறது. “யாரு செஞ்ச தப்புன்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறீர்கள்.

யார் செய்த தப்பும் இல்லை. ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

ரத்தத்திலிருந்து தொடங்குகிறேன். இந்த நோயில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மழுப்ப வேண்டியதில்லை. பொதுவாக 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வருவது, உடன்பிறந்தவருக்கு இருந்தால் 100க்கு 9 பேர் வரை வருகிறது என்று பழைய ஐரோப்பிய ஆய்வுகள் கணக்கிட்டன. அதே கணக்கில் நோயாளியின் உடன்பிறந்தவர் பிள்ளைகளுக்கு 100க்கு 4. அந்த 9ஐப் பார்த்துப் பயப்படும்போது மீதி 91ஐயும் பாருங்கள். உருவத்தில் அச்சு அசலாக இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும், ஏறக்குறைய பாதிப் பேரில் மற்றவருக்கு வருவதில்லை. ஒரே மரபணு, ஒரே கருப்பை, ஆனாலும் வரவில்லை. 2022இல் வெளியான பெரிய உலக ஆய்வு ஒன்று, மரபணுத் தொகுதியில் 287 இடங்களை இந்த நோயோடு தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. அவற்றில் பல உங்கள் அப்பாவிடமும் இருக்கும், என்னிடமும் இருக்கும். அம்மா பக்கம் என்று விரல் நீட்ட அறிவியலில் இடமே இல்லை.

கிரகணத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. ஆனால் கருவில் இருக்கும்போது நடப்பவற்றுக்குச் சம்பந்தம் உண்டு. இது நமக்கு நன்றாகத் தெரியவந்தது ஒரு கொடிய பஞ்சத்தால். 1944 இலையுதிர் காலத்தில் நெதர்லாந்து ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலடியாக, ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர்கள் நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் ஆளுக்கு ஒரு நாள் ரேஷன் 1,000 கலோரிக்கும் கீழே போனது. சர்க்கரை பீட் கிழங்கையும் துலிப் பூச்செடியின் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். 1945 மே மாதம் விடுதலை வரும்வரை இதுதான் நிலை. பிறப்புப் பதிவேடுகள் ஒழுங்காக இருந்ததால், அந்தக் குழந்தைகள் வளர்ந்த பிறகு எஸ்ரா சூசரும் சக ஆய்வாளர்களும் அவர்களைத் தேடிக் கணக்கெடுத்தார்கள். பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது கருவானவர்களுக்கு மனச்சிதைவு இரண்டு மடங்கு. சீனாவில் 1959 முதல் 1961 வரை நீடித்த பஞ்சத்தை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய இதே அளவைத்தான் கண்டார்கள்.

இந்த ‘இரண்டு மடங்கு’ என்பதை நிதானமாகப் பாருங்கள். அந்தப் பட்டினியில் கருவான குழந்தைகளில் 100க்கு 98 பேருக்கு மேல் இந்த நோய் வரவே இல்லை. ஊர் முழுக்க எண்ணும்போது மட்டுமே தெரிகிற வித்தியாசம் அது. ஒரு வீட்டுக்குள் நுழைந்து, “நீ அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான்” என்று ஒரு தாயிடம் சொல்ல அந்தக் கணக்கு யாருக்கும் உரிமை தரவில்லை. கருவுற்ற மாதங்களில் மசக்கையால் எதுவும் இறங்கவில்லை என்று உங்கள் அம்மா அழுகிறார் என்றீர்களே, அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

மருத்துவர்களே தாய்மார்களுக்கு இந்தக் கொடுமையைச் செய்திருக்கிறார்கள். 1948இல் ஃப்ரீடா ஃப்ரொம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், நோயை உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை எழுதினார். அமெரிக்காவில் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பிந்திய ஆய்வுகளில் அது நிற்கவில்லை. நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கருவில் நேர்ந்ததற்கு ஏன் இருபது வயதில் நோய்? பதின்பருவத்தில் மூளை தன் நரம்பிணைப்புகளில் தேவையற்றவற்றைக் கழித்துவிடுகிறது, மரத்தைக் கவாத்து செய்வதுபோல. அந்த வேலையில் பங்குள்ள சி4 என்ற மரபணுவின் சில வடிவங்கள் இந்த நோயின் வாய்ப்பைக் கூட்டுவதாக 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். வெட்டு அளவுக்கு மீறிப் போகிறதோ என்பது அவர்கள் கருத்து. முழு விடை அல்ல, நல்ல துப்பு.

அந்த வயதில்தான் பிள்ளைகள் கையில் கஞ்சாவும் வருகிறது. கல்லூரி விடுதியில் அண்ணன் பழகினான் என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் நிற்பது அந்த வரியில்தான். 1969-70இல் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,000க்கும் மேற்பட்ட ஸ்வீடன் இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ராணுவத்துக்கு எடுக்கப்படும் முன்பே 50 முறைக்கு மேல் கஞ்சா பிடித்திருந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு 6 மடங்கு. வேறு காரணங்களைக் கழித்த பிறகும் 2 மடங்குக்கு மேல். பிடிக்கிற எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் நோய் வந்தபின் தொடர்ந்து பிடித்தால் அது திரும்பத் திரும்பத் தாக்கும். பரம்பரையை மாற்ற முடியாது, பிறந்த வேளையை மாற்ற முடியாது. இதை மாற்றலாம். திட்டாமல், டாக்டர் முன்னால் வைத்தே பேசுங்கள். உங்கள் தம்பி பிளஸ் டூ படிக்கிறான் அல்லவா, அவனிடமும் பேசுங்கள்.

பாட்டி மந்திரிக்கக் கூட்டிப்போகட்டும், சண்டை வேண்டாம். மாத்திரை மட்டும் ஒரு வேளையும் நிற்கக் கூடாது. உடம்பு குண்டாகிறது, தூக்கம் தள்ளுகிறது என்றால் நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி மாற்றித் தரக் கேளுங்கள். சென்னையில் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்த நோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் என்றே இயங்குகிறது. ஊரிலிருந்தே பேச வேண்டுமானால் 14416, டெலி மானஸ், கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

அடுத்த வரன் வரும்போது அண்ணனைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கூடவே அந்த 91ஐயும் சொல்லுங்கள்.

அன்புடன்.