யெதிதியா: ஒரே ஒருதரம் சொல்லப்பட்ட பேர்



"ஐயா, யாரும் வைக்காத வேதாகமப் பேர் ஒன்று சொல்லுங்க" என்று பிள்ளைப் பிரதிஷ்டைக்கு முன்னே பெற்றோர் கேட்பதுண்டு. அப்படிப்பட்ட ஒரு பேரை இம்மாதம் தியானிப்போம்.

வேதபகுதி: 2 சாமுவேல் 12:24,25

1. பேரின் அர்த்தம்

எபிரெய மொழியில் "யெதீத்" என்றால் பிரியமானவன். "யா" என்பது கர்த்தருடைய நாமத்தின் சுருக்கம். நாம் தினமும் சொல்லுகிற "அல்லேலூயா"விலும் அதே "யா"தான் இருக்கிறது. ஆக, யெதிதியா என்றால் கர்த்தருக்குப் பிரியமானவன். உபாகமம் 33:12-ல் பென்யமீனைக் குறித்தும், சங்கீதம் 127:2-ல் கர்த்தர் நித்திரை அளிக்கிறவனைக் குறித்தும் இதே சொல்தான் எபிரெயத்தில் வருகிறது.

2. பேர் வந்த நேரம்

இது சாலொமோனுக்குக் கர்த்தர் கொடுத்த இரண்டாம் பேர். எப்போது கொடுத்தார்? தாவீது பாவத்தில் விழுந்து, முதல் பிள்ளையைப் பறிகொடுத்து, பத்சேபாள் துக்கத்தில் இருந்த வீட்டில்! பாவத்தைக் கண்டித்து உணர்த்திய அதே நாத்தானைத்தான் கர்த்தர் மறுபடியும் அனுப்பினார். இந்தமுறை அவன் வாயில் கண்டனம் இல்லை, பிள்ளைக்கு ஒரு பேர் இருந்தது. அந்தக் குழந்தை இன்னும் ஒரு நன்மையும் செய்யவில்லை, ஆனாலும் நேசிக்கப்பட்டான். இதுதாங்க கிருபை!

3. பேரைச் சுமந்தவன்

இந்த ஒரே வசனத்துக்குப் பிறகு வேதத்தில் சாலொமோனை யாரும் யெதிதியா என்று கூப்பிடவில்லை. கர்த்தர் இரண்டுதரம் தரிசனமாகியும், வயதான காலத்தில் அவன் இருதயம் வழுவிப்போயிற்று (1 இராஜாக்கள் 11:4,9). நெகேமியா 13:26 இரண்டையும் சேர்த்தே சொல்லுகிறது: தேவன் அவனை நேசித்தார்; அவனோ பாவத்தில் விழுந்தான். நல்ல பேர் ஒருவனையும் காப்பாற்றாது, பிரியமானவர்களே. அன்பைப் பெறுவது வேறு, அன்பில் நிலைத்திருப்பது வேறு (யோவான் 15:9,10).

4. பிற்காலத்தில்

இங்கிலாந்தின் பியூரிட்டன் விசுவாசிகள் பழைய ஏற்பாட்டுப் பேர்களைத் தேடித் தேடி வைத்தார்கள். அவர்கள் வழியாய் இந்தப் பேர் அமெரிக்காவுக்கும் போனது. அங்கே பாஸ்டராக இருந்து பூகோளப் புத்தகங்கள் எழுதிய ஜெடிடியா மோர்ஸ் (1761-1826) இந்தப் பேருடையவர். அவருடைய மகன் சாமுவேல் மோர்ஸ் 1844-ல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய தந்திச் செய்தி, எண்ணாகமம் 23:23-ன் கடைசி வார்த்தைகளே!

இந்தப் பேரைப் பிள்ளைக்கு வைக்கலாமா? தாராளமாய் வைக்கலாம். ஆனா அதோடு விட்டுடாதீங்க. அவன் எந்த நிலையில் பிறந்திருந்தாலும் கர்த்தர் அவனை நேசிக்கிறார் என்று சொல்லிச் சொல்லி வளருங்கள். முடிவுவரை அந்த அன்பில் நிற்கும்படி முழங்காலில் நில்லுங்கள். "என் வீட்டில் நடந்ததுக்கு இனி ஆசீர்வாதமே வராது" என்று அழுகிற தாயே, தகப்பனே, தாவீதின் வீட்டுக்கு நாத்தானை இரண்டாந்தரம் அனுப்பினவர் இன்றைக்கும் ஜீவிக்கிறார். ஆமென்! அல்லேலூயா!