தடுப்பூசியின் பயன் யாரைச் சேருகிறது?

தடுப்பூசியின் பயன் அதனைப் போட்டுக் கொள்பவருக்கே உரியது என்பது பொதுவான எண்ணம். இது தவறன்று, ஆனால் முழு உண்மையும் அன்று. நோய் எவ்வாறு பரவுகிறது என்பதைப் பொறுத்தே, பயன் யாரைச் சேரும் என்பதும் அமைகிறது. நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றுள்ள மூன்று நோய்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது ரணஜன்னி. இதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்கிறது. நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. எனவே ஊரார் அனைவரும் ஊசி போட்டுக் கொண்டாலும், போட்டுக் கொள்ளாத ஒருவருக்கு அதனால் பாதுகாப்பு ஏதும் இல்லை. ஆயினும், கருவுற்ற தாய்க்குப் போடும் ஊசி, பிறக்கப்போகும் சேயையும் காக்கிறது. இத்தடுப்பூசியாலும் தூய்மையான பேறுகாலக் கவனிப்பாலும், 2015ஆம் ஆண்டில் தாய்சேய் ரணஜன்னி ஒழிப்பு நிலையை இந்தியா எய்தியது.

இரண்டாவது ரூபெல்லா. குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் எளிய காய்ச்சலே. ஆனால் கருவுற்ற தொடக்க மாதங்களில் ஒரு பெண்ணைத் தாக்குமாயின், கருவிலுள்ள குழந்தையின் கண், செவி, இதயம் ஆகியவற்றைப் பழுதாக்கக் கூடும். இங்கு ஊசி போட்டுக் கொள்ளும் சிறுவன் ஒருவன், தான் அறியாத ஒரு தாயின் கருவைக் காக்கிறான்.

மூன்றாவது தட்டம்மை. எதிர்ப்பாற்றல் சிறிதும் இல்லாத மக்களிடையே, ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை இந்நோயைப் பெறுவர். 18 பேர் எனக் கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தால், எஞ்சிய பத்து பேர் வழியே நோய் ஏறத்தாழ இருவருக்குப் பரவும். அவ்விருவர் நால்வருக்குத் தருவர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் பெற்றிருந்தாலோ, ஒருவரிடமிருந்து ஒருவருக்கும் குறைவாகவே பரவும்; நோய்ச் சங்கிலி அறுந்துவிடும். ஒன்பது மாதத்தில் போடும் முதல் ஊசி நூற்றில் ஏறத்தாழ 85 குழந்தைகளுக்கே பாதுகாப்பளிக்கிறது. 16 முதல் 24 மாதங்களுக்குள் இரண்டாம் ஊசி தேவைப்படுவது இதனாலேயே.

இச்சங்கிலி அறுவதால் பெரும் பயன் அடைபவர் யார்? ஒன்பது மாதம் நிரம்பாத பச்சிளங் குழந்தைகள். தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் தடுப்பு மருந்தின் செயலுக்கு இடையூறாவதால், இவர்களுக்கு முன்னதாக ஊசி போடுவது வழக்கமில்லை. அந்த ஆற்றலோ மாதந்தோறும் குறைந்து வருவது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் சிறுவர்களுக்கும் இவ்வூசி போடலாகாது. இவர்களுக்குச் சுற்றியிருப்போரே அரண்.

ஆனால் மாவட்டத்தின் சராசரி விழுக்காடு இவ்வரணுக்குச் சான்றாகாது. மாவட்டத்தில் தொண்ணூற்றைந்து விழுக்காடு எட்டப்பட்டிருப்பினும், விடுபட்டவர்கள் ஒரே குடியிருப்பில் சேர்ந்து வாழ்ந்தால் அங்கே நோய் மூளும். ஊர் ஊராகப் பெயரும் செங்கற்சூளைத் தொழிலாளரும் கட்டடத் தொழிலாளரும் எளிதில் விடுபடுபவர்கள். ஊட்டக்குறைவும் மருத்துவ வசதியின்மையும் தட்டம்மையை இவர்களின் குழந்தைகளுக்கு உயிர்க்கொல்லியாக்குகின்றன. தடுப்பூசியால் மிகுந்த பயன் பெற வேண்டியவர்களே அதற்கு வெகு தொலைவில் உள்ளனர். இத்தகைய குழந்தைகளைத் தேடிச் சென்று சேர்க்கவே 2014 டிசம்பரில் இந்திர தனுஷ் இயக்கம் தொடங்கப்பெற்றது.

ஆகவே, சுகாதார ஊழியர் ஒருவர் தம் பதிவேட்டில் காண வேண்டியது எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது என்பதை மட்டுமன்று. யார் விடுபட்டனர், எங்கு வாழ்கின்றனர் என்பதையும்தான். தம் குழந்தையை ஊசி போட அழைத்துச் செல்லும் பெற்றோர், அண்டை வீட்டுத் தொட்டிலில் உறங்கும் குழந்தைக்கும் சேர்த்தே நன்மை செய்கின்றனர்.