லினக்ஸ் கணினியில் விண்டோஸ் வடிவமைப்பு மென்பொருள்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் - கணினி அறிவியல்)

முன்னுரை

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். என் நிலையும் அதுவாகத்தான் இருந்தது. என்னிடம் உள்ள கணினி பழையது; நினைவகம் 4 ஜிபி மட்டுமே. விண்டோஸ் 11 அதில் ஏறவில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்தது. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவிக்கொண்டேன். ஆனால், மாலை வேளைகளில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்கள் யாவும் விண்டோஸுக்கென எழுதப்பட்ட மென்பொருளில்தான் உருவாகின்றன. அங்குக் கிடைக்கும் ஊதியமே என் பருவத் தேர்வுக் கட்டணம். தை பிறக்குமுன் வேலை குவிந்தபோது, "வீட்டிலிருந்தும் செய்ய முடியுமா தம்பி?" என்று அச்சக உரிமையாளர் கேட்டார். அவருக்கு விடை சொல்ல முயன்றபோது நான் கற்றவற்றை இங்கே தருகிறேன்.

ஏன் இயங்குவதில்லை?

ஒரு மென்பொருள் இருவரிடம் பேசுகிறது. கணக்கிடுவதற்கான கட்டளைகளை நேரே பிராசசருக்கு இடுகிறது. 'ஒரு சாளரம் திற', 'இந்தக் கோப்பைக் கொடு', 'இக்கோட்டை வரை' போன்ற வேண்டுகோள்களை இயங்குதளத்திடம் வைக்கிறது. பிராசசர் மாறவில்லை, விண்டோஸ் இருந்தபோது இருந்த அதே பிராசசர்தான். எனவே முதல் வகைக் கட்டளைகளால் தொல்லை இல்லை. தொல்லை வேண்டுகோள்களில்தான். விண்டோஸ் மென்பொருள் அவற்றை டி.எல்.எல். எனப்படும் துணைக் கோப்புகளின் வழியே கேட்கிறது. லினக்ஸில் அக்கோப்புகள் இல்லை. கேட்பவர் ஒரு மொழியிலும் கேட்கப்படுபவர் வேறொரு மொழியிலும் இருந்தால் காரியம் எப்படி நடக்கும்?

வைன் என்னும் இருமொழியாளர்

இந்த இடைவெளியை நிரப்புவதே வைன் என்னும் இலவச மென்பொருள். மதுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை! 'வைன் ஈஸ் நாட் அன் எமுலேட்டர்' என்பதன் சுருக்கமே இப்பெயர். அதாவது, இது இன்னொரு கணினியைப் போல் நடிப்பதன்று. விண்டோஸ் துணைக் கோப்புகள் செய்யும் வேலையைச் செய்யத் தானே புதிதாகக் கோப்புகளை எழுதி வைத்திருக்கிறது. வரும் வேண்டுகோளை லினக்ஸுக்குப் புரியுமாறு மாற்றி அனுப்புகிறது. முழுக் கணினியையும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை என்பதால் வேகம் பெரிதும் குறைவதில்லை.

1993-இல் தொடங்கிய இம்முயற்சியை 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார்டு வழிநடத்தி வருகிறார். முதல் நிறைபதிப்பான 1.0 வெளிவந்தது 2008 ஜூன் மாதத்தில். பதினைந்து ஆண்டு உழைப்பு! வடிவமைப்புத் துறைக்கும் இதற்கும் உறவு பழையது. 2000-ஆம் ஆண்டில் கோரல் நிறுவனம் கோரல்டிரா 9-இன் லினக்ஸ் பதிப்பை வைனின் துணைகொண்டே வெளியிட்டது.

என் பட்டறிவு

அச்சக உரிமையாளர் முறையாக விலைக்கு வாங்கி, பின்னர் பயன்படுத்தாமல் விட்டிருந்த பழைய பதிப்பின் குறுந்தகட்டை எனக்கே தந்துவிட்டார். வைன் தன் கோப்புறைக்குள் ஒரு 'சி டிரைவை' உண்டாக்கியது. மென்பொருள் அதில் அமைதியாக அமர்ந்தது. மகிழ்ச்சியோடு ஓர் அழைப்பிதழைத் திறந்தேன். மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்!

இரண்டு இரவுகள் வைனையே குறை கூறிக்கொண்டிருந்தேன். குறை அங்கில்லை. யூனிகோடு வருமுன் உருவான தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லையேல் அடியிலுள்ள ஆங்கிலமே தெரியும். அச்சகத்திலிருந்து எழுத்துருக் கோப்புகளைக் கொண்டுவந்து, வைனின் 'சி டிரைவில்' விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையில் இட்டேன். மென்பொருளை மூடித் திறந்ததும் தமிழ் வந்தது. ஆயினும் அச்சுக்கு அனுப்புமுன் அச்சகக் கணினியில் வரிக்கு வரி ஒப்பிட்டோம். முகூர்த்த நேரத்தில் ஓரெழுத்து பிழைத்தாலும் பழி நம்மைத்தானே சேரும்!

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

எல்லாம் வைனில் இயங்கும் என எண்ணக் கூடாது. அதே மென்பொருளின் புதிய பதிப்பை முயன்றேன்; உரிமத்தைச் சரிபார்க்கும் இடத்திலேயே நின்றுவிட்டது. அத்தகையவற்றுக்கு லினக்ஸுக்குள் விண்டோஸை முழுமையாக நிறுவும் மெய்நிகர் கணினி முறை உண்டு. ஆனால் அதற்கு விண்டோஸ் உரிமமும் மிகுந்த நினைவகமும் வேண்டும். என் 4 ஜிபி போதாது. மேலும், வைன் ஒரு பாதுகாப்பு வேலியன்று. அதன் 'இசட் டிரைவ்' வழியே நம் லினக்ஸ் கோப்புகளையும் விண்டோஸ் மென்பொருள் எட்டக்கூடும். எனவே திருட்டுப் பிரதிகளை அதில் ஓட்டுவது வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

இன்று நான் புதிதாகத் தொடங்கும் ஓவியங்களை லினக்ஸில் நேரடியாக இயங்கும் இங்க்ஸ்கேப்பில் வரைகிறேன். படங்களை கிம்ப்பில் திருத்துகிறேன். பிறர் தரும் பழைய கோப்புகளுக்கு மட்டும் வைனை நாடுகிறேன். மாணவ நண்பர்களே, பழைய கணினி என்று மூலையில் போட்டுவிடாதீர்கள். எது தடையாக நிற்கிறது என்று முதலில் ஆராயுங்கள். தடை கணினியில் இல்லை, ஓர் எழுத்துருவில் இருந்தது என்று அறிந்த அன்றுதான் என் தேர்வுக் கட்டணத்துக்கு வழி பிறந்தது.