விதைநெல்லும் காப்புப்படியும்

விளைந்ததெல்லாம் உண்டு தீர்ப்பவன் உழவனல்லன். வரிப்பத்தான்சேனை வயல்களிலே அடுத்த போகத்துக்குரிய விதைநெல்லை உணவு நெல்லினின்றும் பிரித்து வைக்கும் வழக்கம் உண்டு. எழுத்தையும் கணக்கையும் கணினியில் வைத்திருக்கும் இக்காலத்தார்க்கு இவ்வழக்கு நல்லதொரு பாடமாம். கணினியிலுள்ளதைப் படியெடுத்து வேறாக வைப்பதைக் காப்புப்படி என்பர். அதன் இலக்கணம் நான்கினை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, காப்புப்படி மூலத்துக்கு அப்பால் இருத்தல் வேண்டும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளை அழித்தது. அத்தகைய நாளிலே, ஒரே வீட்டில் மூலமும் படியும் இருப்பின் இரண்டும் ஒருங்கே போம். ஆதலின், மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படியேனும் வேற்றூரில் என்று துறைவல்லார் விதி வகுத்துள்ளனர்.

இரண்டாவது, மூலத்தைத் தாக்கும் தீங்கு படியை அணுகலாகாது. 2023 ஓகஸ்டில், கோப்புகளைப் பூட்டித் திறவுகோலுக்குப் பணம் கேட்கும் தீநிரலொன்று இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவையைத் தாக்கிற்று. இணைப்பிலிருந்த காப்புப்படிகளும் உடன் பூட்டப்பட்டன. இணைப்பிலிருந்து விலக்கி வைத்த படி அண்மைக் காலத்துக்கு இல்லை. அதனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையுள்ள அரச மின்னஞ்சல்கள் மீளாதொழிந்தன. சேவை விரைவிலே திரும்பிற்று, கடிதங்கள் திரும்பவில்லை.

மூன்றாவது, படியை இடையிடையே மீட்டுப் பார்த்தல் வேண்டும். விதைப்பதற்கு முன் ஒருபிடி நெல்லை நனைத்து முளை பார்ப்பது போன்றதே இது. முளைக்காத விதை மூடை நிறைய இருந்தென்ன பயன்?

நான்காவது, மீட்கும் முறை எழுத்தில் இருத்தல் வேண்டும். முறையறிந்தவர் ஒருவரேயாகி, அவரும் ஊரில் இல்லாதபோது இடர் நேரின், படி இருந்தும் இல்லாததேயாம்.

இந்நான்காவதிலே தமிழ் கற்றார்க்கு ஒரு தொண்டு காத்திருக்கின்றது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் வழியே, எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள்கள் பெருகின. அவற்றின் கையேடுகளும் அவ்வாறே கட்டற்றிருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கையேடுகளுட் பல ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆங்கிலம் அறியாத கடைக்காரரும் சங்கச் செயலாளரும் காப்புப்படி எடுக்கும் வகையறியாது நிற்பர்.

இத்தொண்டுக்கு நிரல் எழுதும் வல்லமை வேண்டுவதன்று. மாணவன் ஒருவன் கையேட்டின்படி செய்து பார்த்து, விளங்காத இடத்தைக் குறித்து அதனை ஆக்கியோர்க்கு அறிவிப்பதும் தொண்டே. ஒரு பக்கத்தைத் தெளிதமிழில் பெயர்ப்பது அதனினும் பெரிது. பெயர்த்ததைப் பிறரொருவர் கையிற் கொடுத்து, உசாவாமலே அவர் செய்து முடிக்கின்றாரா என்று காண்பதே அதற்குரிய பரீட்சை.

பழைய மாணவர்காள், நும் அலுவலகத்து முறைகளை இன்றே எழுதி வைம்மின்; மாணவர்காள், எழுதியவற்றைத் தமிழாக்குமின். பொதுவில் வைத்த அறிவு ஒருவரோடு அழியாது என்பதே யாம் கூறவந்ததாம்.